பதினோராம் அறையின் தண்ணீர்

லாட்ஜ் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே
இரண்டடி மண்.
காட்பாடி ரோட்டு நர்சரியில்
நாற்பது ரூபாய்க்கு வாங்கிய குள்ள இட்லிப்பூ,
எழும்பாமல் பக்கவாட்டில் போகும் ஜாதி.
உயர்ந்தால் போர்டை மறைக்கும் என்பார் முனவ்வர் பாய்.
அதனால் படுக்கிற செடியாய்ப் பார்த்துத்தான் எடுத்தேன்.

முதல் வருஷம் பூக்க விடாமல் நுனி கிள்ளினேன்.
ஒன்றைக் கிள்ளினால் இரண்டு வரும்,
இரண்டும் தரையைத்தான் தேடும்.
தோட்டப்பாளையத்து வெயிலுக்கு
தேங்காய் மட்டை பரப்பினேன்.
மாவுப்பூச்சி வந்தபோது
அறை அறையாய் விட்டுப்போன சோப்புத் துண்டுகளைக்
கரைத்து அடித்தேன்.
எந்தெந்த ஊர்க் கைகள் தேய்த்ததோ,
பூச்சி போனது.

ஆனால் இலை மஞ்சளாச்சு.
நரம்பு மட்டும் பச்சை,
பேனாவால் கோடு போட்டது மாதிரி.
சாணம் வைத்தேன். புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன்.
நாற்றத்துக்கு மூன்றாம் அறைக்காரர் காலி பண்ணினார்.
போர் தண்ணி விட விட
மண்மேல் வெள்ளையாய்ப் பூத்தது,
செடியில் பூக்க வேண்டியது.

பங்குனிக் கடைசியில்
மேதினிபூரிலிருந்து வந்தார்கள் பதினொன்றுக்கு,
கோகன் மைத்தி, அவர் மனைவி தீபாலி.
அந்தம்மாவுக்கு ரத்தத்தில் ஏதோ.
ஆஸ்பத்திரி ஃபைல் வாரத்துக்கு வாரம் தடித்தது.
அவருக்கு ஊரில் வெற்றிலைக் கொடிக்கால்.
சும்மா இருக்கும் கையை
எங்கே வைப்பதென்று தெரியாத மனுஷன்.
ஒரு காலை குனிந்து இலையைப் புரட்டினார்.
"லோஹா கம்" என்றார்.
இரும்பு குறைச்சல்.
மேலே ஜன்னலைக் காட்டி
"உஸ்கோ பீ" என்றார்,
சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

எங்கள் தண்ணியில் சுண்ணாம்பாம்.
சுண்ணாம்பு வாய்க்குத்தான், வேருக்கு இல்லை என்று
ஜாடையில் சொன்னதாகப் புரிந்துகொண்டேன்.
வேறேதாவதும் சொல்லியிருக்கலாம்.
பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்.
சொட்டு.
கொஞ்சம் பொறுத்து, சொட்டு.
பதினொன்றின் ஏசி, பின்பக்கக் குழாய் வழியே
சாக்கடைக்கு ஊற்றிக்கொண்டிருந்தது
நாள் முழுக்க.

காலி பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தார்.
உப்பு தொடாத தண்ணி,
காற்றிலிருந்து இறங்கினது.
சாயங்காலத்துக்குள் டப்பா நிறைந்தது.
டீக்கடைச் சக்கையைக் காயவைத்துத் தூவினோம்.
துருப்பிடித்த ஆணி நாலு அவர் புதைத்தார்,
அதில் எனக்கு நம்பிக்கையில்லை.

இதன் பெயர் ரங்கன் என்றார்.
இட்லிப்பூ என்றேன்.
இரண்டு மாதமாய் இட்லி தின்கிற மனுஷன்
பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கத்திரியில் கொழுந்து பச்சையாய் வந்தது.
பழைய இலை மஞ்சளாகவே நின்றது,
அது திரும்பாது, அப்படியே விடு என்றார்.
ஆனியில் கொத்து.
சிவப்பு என்றால் ரத்தச் சிவப்பு என்று
யாரும் வாய்விடவில்லை.
தீபாலி ஒருநாள் இறங்கி வந்து
படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தாள்,
பறிக்கவில்லை.

ஆடியில் கிளம்பினார்கள்.
குணமா, கைவிட்டதா, கேட்கத் தெரியவில்லை.
கேட்டாலும் எந்த பாஷையில்.
ஈரப் பஞ்சில் சுற்றி, மேலே ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டி
இரண்டு தண்டு எடுத்துப்போனார்.
ஆட்டோவில் அவள் தானாகவே ஏறினாள்.
அதை மட்டும் பார்த்தேன்.

அடுத்து வந்தவர்கள் ஏசி வேண்டாம் என்றார்கள்,
முந்நூறு ரூபாய் மிச்சம்.
ரிமோட் என்னிடம் வந்தது.
டப்பா காய்ந்து, உள்ளே எறும்பு.
அவர்களும் போன பிறகு அறை பூட்டிக் கிடந்தது.
ஒரு கொழுந்தில்
நரம்பு தனியாய்த் தெரிய ஆரம்பித்தது.

பாய் லுஹருக்குப் பள்ளிவாசல் போகும் நேரம்
பதினொன்றைத் திறப்பேன்.
கட்டிலில் யாருமில்லை. பதினெட்டில் வைப்பேன்.
கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்து
டப்பாவின் பக்கத்தில் நிற்பேன்,
முதல் சொட்டுக்கு.

இன்று கரண்ட் பில் வந்திருக்கிறது.
பாய் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து
மூன்றாம் தடவை படிக்கிறார்.
பூட்டின அறைக்கு ஏது இவ்வளவு யூனிட் என்கிறார்.
அவர் செருப்புக்குப் பக்கத்தில்
ஒரு கிளை போர்டைத் தாண்டாமல்
சுவரோரமாகவே
போய்க்கொண்டிருக்கிறது.